பைல் போகும் வழியைப் பூட்டுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே பைல்களைக் காப்பி செய்யக் கற்றுக் கொள்கிறார்கள். ஒரு போல்டரில் இருந்து இன்னொரு போல்டருக்கோ, ஹார்ட் டிஸ்க்கில் இருந்து பென் டிரைவிற்கோ மவுஸால் இழுத்து விட்டால் போதும், வேலை முடிந்துவிடும். அதே பைலை வேறு ஊரில் உள்ள ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும்போதும் திரையில் காண்பது ஏறத்தாழ இதே காட்சிதான். இடது பக்கம் நம் பைல்கள், வலது பக்கம் அங்குள்ள பைல்கள். இழுத்து விடுகிறோம், போய்ச் சேர்கிறது.

ஆனால் இடையில் உள்ள வழி வேறு. பென் டிரைவிற்குச் செல்லும் பைல் நம் மேஜையை விட்டு வெளியே போவதில்லை. வெளியூருக்குச் செல்லும் பைல் நம் வீட்டு ரூட்டர், இன்டர்நெட் நிறுவனத்தின் இயந்திரங்கள், இன்னும் பல நெட்வொர்க்குகள் எனப் பல கைகள் மாறிச் செல்கிறது. எனவே இரண்டு கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். வழியில் இருப்பவர்கள் இந்தப் பைலைப் படிக்க முடியுமா? மறுமுனையில் வாங்கிக் கொள்வது நாம் நினைக்கும் கம்ப்யூட்டர் தானா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தருபவை தான் பாதுகாப்பான பைல் பரிமாற்றப் புரோட்டோகால்கள். புரோட்டோகால் என்றால் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக் கொள்வதற்கான விதிமுறை, அவ்வளவுதான். சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்கள், லேபிற்கு ஆல்பம் அனுப்பும் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள், மொபைல் போனில் உள்ள படங்களை வை-பி வழியே கம்ப்யூட்டருக்கு மாற்றுபவர்கள் என அனைவருமே இவற்றில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். எது பாதுகாப்பானது, அதை எப்படி அமைப்பது என்று இங்கு பார்க்கலாம்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த எப்.டி.பி.

பைல்களை அனுப்புவதற்கான பழைய விதிமுறை எப்.டி.பி. இதன் முதல் வரையறையை 1971 ஏப்ரலில், ஆர்.எப்.சி. 114 என்ற ஆவணமாக எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் 1965ல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேற்படிப்புக்குச் சென்றவர். அப்போது இன்டர்நெட் கிடையாது. அதன் முன்னோடியான அர்பாநெட் தான் இருந்தது. சில பல்கலைக்கழகங்களும் ஆய்வு மையங்களும் மட்டுமே அதில் இணைந்திருந்தன. பின்னர் பல திருத்தங்கள் வந்து, 1985 அக்டோபரில் வெளியான ஆர்.எப்.சி. 959 இன்று வரை எப்.டி.பி.யின் அடிப்படையாக உள்ளது.

ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்களுக்காக உருவானதால், வழியில் யாரேனும் ஒட்டுக் கேட்பார்கள் என்ற எண்ணமே இதில் இடம் பெறவில்லை. யூசர் நேம், பாஸ்வேர்ட், பைல் என எல்லாமே எந்தவித மறைப்பும் இன்றிச் செல்கின்றன. போஸ்ட் கார்டில் எழுதி அனுப்புவது போலத்தான். தபால்காரர் படிக்க வேண்டும் என்பதில்லை. படிக்க நினைத்தால் தடுப்பதற்கு எதுவும் இல்லை.

கண்ணால் பார்த்த பாஸ்வேர்ட்

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "நெட்டில் போவதை யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கின்றனர். எனவே என் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ் பதிந்து அதை எப்.டி.பி. சர்வராக மாற்றினேன். இன்னொரு கம்ப்யூட்டரில் வயர்ஷார்க் என்ற இலவசப் புரோகிராமை இயக்கினேன். நெட்வொர்க்கில் செல்லும் டேட்டா பாக்கெட்களைப் பிடித்துக் காட்டும் புரோகிராம் இது. 1998ல் எதீரியல் என்ற பெயரில் வந்து, 2006ல் வயர்ஷார்க் ஆனது. நெட்வொர்க் பழுதுகளைக் கண்டறிய என்னைப் போன்ற பொறியாளர்கள் தினமும் பயன்படுத்துவது.

எப்.டி.பி. வழியாக லாக் இன் செய்தேன். வயர்ஷார்க் திரையில் "யூசர்" என்ற சொல்லும் அதன் பக்கத்தில் நான் கொடுத்த பெயரும் ஒரு வரியில் வந்தன. அடுத்து "பாஸ்" என்ற சொல், அதன் பக்கத்தில் என் பாஸ்வேர்ட், எழுத்துப் பிசகாமல். நான் அனுப்பிய டெக்ஸ்ட் பைலின் வரிகளும் அப்படியே படிக்கக் கிடைத்தன. இதற்கு ஹேக்கிங் திறமை எதுவும் தேவைப்படவில்லை. வழியில் உள்ள எந்த இயந்திரத்தில் இந்தப் புரோகிராம் ஓடினாலும் இதே தான் தெரியும்.

அடுத்து அதே லேப்டாப்பிற்கு, அதே பைலை எஸ்.எப்.டி.பி. வழியாக அனுப்பினேன். இரு பக்கமும் எந்தப் பதிப்பு சாப்ட்வேர், எந்தெந்த என்கிரிப்ஷன் முறைகள் தெரியும் என அறிமுகம் செய்து கொள்வது மட்டும் முதலில் தெரிந்தது. அதன் பிறகு வந்தவை அனைத்தும் பொருளற்ற எழுத்துக் குப்பை. எந்த முகவரிக்கு, எப்போது, ஏறத்தாழ எவ்வளவு டேட்டா போனது என்பதை மட்டுமே சொல்ல முடிந்தது. பாஸ்வேர்டும் பைலும் கண்ணில் படவே இல்லை.

இந்தச் சோதனையை உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர்களில் மட்டுமே செய்து பார்க்கவும். அலுவலகத்திலோ ஹாஸ்டலிலோ மற்றவர்களின் டேட்டாவைப் பிடிப்பது சட்டப்படி குற்றமாகிவிடும்.

ஒரு திருட்டில் பிறந்த பாதுகாப்பு

எஸ்.எப்.டி.பி.யின் அடிப்படை எஸ்.எஸ்.எச். என்னும் புரோட்டோகால். அது பிறந்ததற்கே ஒரு பாஸ்வேர்ட் திருட்டு தான் காரணம். 1995ல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில், முதுகெலும்பு இணைப்பில் இருந்த ஒரு சர்வரில் யாரோ ஒட்டுக் கேட்கும் புரோகிராமைப் பதித்திருந்தனர். கண்டுபிடித்தபோது அதில் ஆயிரக்கணக்கான யூசர் நேம்களும் பாஸ்வேர்ட்களும் சேர்ந்திருந்தன. அங்கு ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனென் நடத்திய நிறுவனத்தின் பாஸ்வேர்ட்கள் சிலவும் அதில் இருந்தன.

இதற்குத் தீர்வாக அவர் எழுதிய புரோகிராம் தான் எஸ்.எஸ்.எச். 1995 ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். எப்.டி.பி.க்கு போர்ட் எண் 21. தொலைவில் உள்ள கம்ப்யூட்டரை இயக்கும் டெல்நெட்டிற்கு 23. இரண்டுக்கும் மாற்றாக வரப்போவதால் நடுவில் காலியாக இருந்த 22 வேண்டும் எனக் கேட்டுப் பெற்றார். இன்றும் எஸ்.எஸ்.எச்., எஸ்.எப்.டி.பி. இரண்டுக்கும் 22 தான் வழக்கமான போர்ட். 1999 டிசம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற ஓப்பன் சோர்ஸ் பதிப்பு வந்தது. உலகின் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இருப்பது இதுவே.

பெயர்க் குழப்பம் வேண்டாம்

ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் புதியவர்களைக் குழப்பும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எஸ்.எப்.டி.பி.: பெயரில் எப்.டி.பி. இருந்தாலும் அதற்கும் இதற்கும் உறவில்லை. எஸ்.எஸ்.எச். இணைப்பிற்குள் ஓடும் தனிப் புரோட்டோகால் இது. கட்டளைகள், பைல்கள் எல்லாமே 22 என்ற ஒரே போர்ட்டில், ஒரே இணைப்பில் செல்கின்றன. எனவே வீட்டு ரூட்டரிலோ பயர்வாலிலோ அதிகம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எப்.டி.பி.எஸ்.: இது பழைய எப்.டி.பி.யே தான். அதன் மேல் டி.எல்.எஸ். என்ற என்கிரிப்ஷன் உறை போட்டுள்ளனர். பேங்க் வெப்சைட்களில் எச்.டி.டி.பி.எஸ். முகவரிக்குப் பாதுகாப்புத் தருவதும் இதே டி.எல்.எஸ். தான். இதற்கான விதிமுறை 2005 அக்டோபரில் ஆர்.எப்.சி. 4217 என வெளியானது. எப்.டி.பி. போலவே கட்டளைக்கு ஓர் இணைப்பு, பைலுக்கு இன்னோர் இணைப்பு என இரண்டு தேவை. இதனால் சில பயர்வால்களில் லாக் இன் ஆகும். பைல் பட்டியல் மட்டும் வராமல் நின்றுவிடும்.

எஸ்.சி.பி.: எஸ்.எஸ்.எச். வழியே பைலைக் காப்பி செய்யும் பழைய எளிய முறை. 2022 ஏப்ரலில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0 முதல் இந்தக் கட்டளையும் உள்ளுக்குள் எஸ்.எப்.டி.பி.யையே பயன்படுத்துகிறது.

எச்.டி.டி.பி.எஸ்.: பிரவுசர் வழியே பைலை அப்லோட் செய்யும்போது பயன்படுவது. கூகுள் டிரைவ் போன்ற சேவைகளும், விண்ணப்பங்களுக்குச் சான்றிதழ்களை அப்லோட் செய்யும் இணையதளங்களும் இந்த வகை. தனியாகப் புரோகிராம் தேவையில்லை.

சாதாரண எப்.டி.பி.யைப் பிரவுசர்களே கைவிட்டுவிட்டன. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 அதை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் வந்த பயர்பாக்ஸ் 90 அதை நீக்கியது. ஆனால் வெப் ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவற்றின் கண்ட்ரோல் பேனலில் எப்.டி.பி. அக்கவுண்ட் இன்னும் இருக்கிறது. கொடுத்திருக்கிறார்களே என்று நாமும் பயன்படுத்துகிறோம்.

பூட்டு மட்டும் போதுமா?

இங்கு தான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் இடம் வருகிறது. ஒரு கவரை நன்றாக ஒட்டி, அரக்கு சீல் வைத்து, தவறான ஆளின் கையில் கொடுத்தால் என்ன பயன்? அவர் சாவகாசமாகப் பிரித்துப் படிப்பார். என்கிரிப்ஷனும் அப்படியே. வழியில் ஒருவர் தன் கம்ப்யூட்டரையே உங்கள் சர்வர் போல நிறுத்தி வைத்திருந்தால், நீங்கள் அவருடன் மிகப் பாதுகாப்பாகப் பேசி, பாஸ்வேர்டையும் கொடுத்துவிடுவீர்கள்.

இதைத் தடுக்க ஒவ்வொரு எஸ்.எஸ்.எச். சர்வருக்கும் ஹோஸ்ட் கீ என்ற சொந்த அடையாளம் உண்டு. அதன் சுருக்கத்தை பிங்கர்பிரின்ட், அதாவது கைரேகை என்பார்கள். நீளமான, பார்க்க அர்த்தமில்லாத எழுத்துகளும் எண்களும் கலந்த வரி அது. ஒரு சர்வருடன் முதல் முறை இணையும்போது, "இந்த சர்வரின் கீ எனக்குத் தெரியாது, இதன் பிங்கர்பிரின்ட் இது, நம்பலாமா?" என்ற பொருளில் ஒரு கட்டம் தோன்றும். நம்மில் பலர் அதைப் படிக்காமலேயே ஓ.கே. கிளிக் செய்கிறோம்.

அந்தக் கட்டம் கேட்பது சம்பிரதாயமான கேள்வி கிடையாது. இப்போது நீங்கள் ஓ.கே. சொல்லும் கீயைத் தான் உங்கள் கம்ப்யூட்டர் இனி எப்போதும் உண்மையானது எனக் கொள்ளும். எனவே இந்த ஒரு முறை மட்டும் சர்வர் உரிமையாளரிடம் இருந்து பிங்கர்பிரின்ட்டை வேறு வழியில் (போன், வாட்ஸ்அப், அவர்களது எச்.டி.டி.பி.எஸ். வெப்சைட்) பெற்று ஒப்பிட வேண்டும். ஒத்துப் போனால், "எப்போதும் நம்பு" என்ற பெட்டியில் டிக் செய்து தொடரலாம். அடுத்த முறையில் இருந்து கம்ப்யூட்டரே சரி பார்த்துக் கொள்ளும்.

ஒரு நாள் திடீரெனக் கீ மாறிவிட்டது என எச்சரிக்கை வந்தால்? சர்வரைப் புதிதாக அமைத்திருக்கலாம். நடுவில் ஒருவர் புகுந்தும் இருக்கலாம். எது என உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2023 மார்ச் 24ல் நடந்தது. புரோகிராம் எழுதுபவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தின் ஆர்.எஸ்.ஏ. ரகசியக் கீ, பொதுவில் அனைவரும் பார்க்கும் இடத்தில் சிறிது நேரம் தவறுதலாக வெளியாகிவிட்டது. உடனே கிட்ஹப் அந்தக் கீயை மாற்றியது. பழைய கீயைச் சேமித்து வைத்திருந்தவர்களின் திரையில் அன்று பெரிய எழுத்துகளில் எச்சரிக்கை வந்தது. புதிய பிங்கர்பிரின்ட்டை கிட்ஹப் தன் வெப்சைட்டில் வெளியிட்டது. அதை ஒப்பிட்டுப் பார்த்து ஏற்றுக் கொள்வது தான் சரியான வழி. எச்சரிக்கையைக் கண்டவுடன் பழைய கீயை அழித்துவிட்டுக் கண்ணை மூடிக் கொண்டு ஓ.கே. தட்டினால், பூட்டு வைத்ததற்கே பொருள் இல்லை.

எப்.டி.பி.எஸ்.சில் இந்த வேலையைச் சர்டிபிகேட் செய்கிறது. சர்டிபிகேட்டில் உள்ள சர்வர் பெயரும் நீங்கள் டைப் செய்த பெயரும் ஒன்றா, அது காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்க்கவும்.

மாமாவின் ஸ்டுடியோவில்

என் சின்ன மாமா போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாண ஆல்பங்களை வடிவமைத்து, வெளியூரில் உள்ள ஒரு லேபிற்கு எப்.டி.பி. வழியே அனுப்புவது அவர் வழக்கம். அந்த லேப் தன்னிடம் பிரின்ட் போடும் ஸ்டுடியோக்கள் அனைத்திற்கும் ஒரே யூசர் நேம், ஒரே பாஸ்வேர்ட் கொடுத்திருந்தது. உள்ளே போனால் மற்ற ஸ்டுடியோக்களின் போல்டர்களும் வரிசையாகத் தெரிந்தன. யார் வீட்டுக் கல்யாணப் படத்தையும் யாரும் இறக்கிக் கொள்ளலாம்.

"ஏன் மாப்ளே, இத்தனை வருஷமா அனுப்புறேன், ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"ஆகலைன்னு நமக்கு எப்படித் தெரியும் மாமா? யாராவது காப்பி எடுத்தா உங்க பைல் குறையாது, அப்படியே தான் இருக்கும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஸ்டுடியோவை நம்பித் தான் ஒரு குடும்பம் தன் வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படங்களைக் கொடுக்கிறது. அது லேபிற்குப் போகும் வழியில் வெளியே போனால் கேள்வி மாமாவிடம் தான் வரும். மறுநாளே லேப் உரிமையாளரிடம் பேசினார். அவர்களது சர்வரில் எஸ்.எப்.டி.பி. வசதி ஏற்கெனவே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மாமாவிற்குத் தனி அக்கவுண்ட் கொடுத்தார்கள். பிங்கர்பிரின்ட் கேட்டபோது தான் அங்கிருந்த பையன் விழித்தாராம். ஒரு நாள் கழித்து உரிமையாளரின் வாட்ஸ்அப் எண்ணில் இருந்து வந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தான் ஓ.கே. கொடுத்தார். மொத்த மாற்றத்திற்கும் ஒரு பைசா செலவில்லை.

பைல்ஜில்லாவில் அமைப்பது எப்படி?

எப்.டி.பி. பயன்படுத்தும் பலரிடம் இருப்பது பைல்ஜில்லா என்ற இலவசப் புரோகிராம். 2001ல் வெளியானது. இதிலேயே எஸ்.எப்.டி.பி., எப்.டி.பி.எஸ். இரண்டும் உண்டு. இதனை அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் இருந்து மட்டும் டவுன்லோட் செய்திடவும். இன்ஸ்டால் செய்கையில் வேறு ஏதேனும் புரோகிராமையும் சேர்க்கவா எனக் கேட்டால் மறுத்துவிடவும்.

1. பைல் மெனுவில் சைட் மேனேஜர் கிளிக் செய்து, நியூ சைட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

2. புரோட்டோகால் என்ற கட்டத்தில் எஸ்.எப்.டி.பி. எனத் தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுக்கவும்.

3. ஹோஸ்ட் என்பதில் சர்வர் பெயரைத் தரவும். போர்ட் கட்டத்தைக் காலியாக விட்டால் 22 எடுத்துக் கொள்ளப்படும். ஹோஸ்டிங் நிறுவனம் வேறு எண் கொடுத்திருந்தால் அதை டைப் செய்யவும்.

4. லாகான் டைப் என்பதில் "ஆஸ்க் பார் பாஸ்வேர்ட்" தேர்ந்தெடுப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கும், டிஸ்க்கில் சேமிக்காது.

5. கனெக்ட் அழுத்தவும். பிங்கர்பிரின்ட் கட்டம் வரும். ஒப்பிட்ட பின்னரே ஓ.கே. தரவும்.

உங்கள் சர்வரில் எஸ்.எப்.டி.பி. இல்லை, எப்.டி.பி.எஸ். மட்டும் உள்ளது என்றால் புரோட்டோகாலை எப்.டி.பி. என்றே விட்டு, அதன் கீழ் உள்ள என்கிரிப்ஷன் கட்டத்தைப் பார்க்கவும். "ரிக்வயர் எக்ஸ்ப்ளிசிட் எப்.டி.பி. ஓவர் டி.எல்.எஸ்." என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அதே வரி "யூஸ்" எனத் தொடங்கி "இப் அவைலபிள்" என முடியும் இன்னொரு தேர்வும் இருக்கும். சர்வரில் பாதுகாப்பு இருந்தால் பயன்படுத்து என்று அதற்குப் பொருள். அதை நம்பி இருக்க வேண்டாம். பாதுகாப்பு இல்லை என்றால் இணைப்பே வேண்டாம் என்று சொல்வது தான் "ரிக்வயர்".

விண்டோஸ் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு வின்எஸ்சிபி இன்னொரு நல்ல இலவசப் புரோகிராம். எதையும் இன்ஸ்டால் செய்ய விருப்பமில்லை என்றாலும் வழி உண்டு. 2018ல் வந்த விண்டோஸ் 10 ஏப்ரல் அப்டேட் முதல் எஸ்.எஸ்.எச். கட்டளைகள் விண்டோஸுடனேயே வருகின்றன. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, எஸ்.எப்.டி.பி. என ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, யூசர் நேம், அட் குறி, சர்வர் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து எழுதி என்டர் தட்டவும். உள்ளே சென்றதும் பைலை அனுப்ப புட், எடுக்க கெட், வெளியேற பை என்ற கட்டளைகள் போதும். முதல் முறை எஸ் அல்லது நோ எனக் கேட்கும் இடத்தில், உங்களுக்கு வந்த பிங்கர்பிரின்ட்டை அப்படியே பேஸ்ட் செய்யலாம். கம்ப்யூட்டரே ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப் போனால் மட்டும் தொடரும்.

போனில் இருந்து கம்ப்யூட்டருக்கு

பல ஆண்ட்ராய்ட் போன்களின் பைல் மேனேஜரில், கேபிள் இல்லாமல் கம்ப்யூட்டருக்குப் படங்களை மாற்றும் வசதி உள்ளது. ஸ்டார்ட் அழுத்தினால் எப்.டி.பி. எனத் தொடங்கும் ஒரு முகவரி தோன்றும். அதைக் கம்ப்யூட்டரில் டைப் செய்தால் போனின் போல்டர்கள் திறக்கும். வசதியானது தான். ஆனால் இது சாதாரண எப்.டி.பி. பல போன்களில் பாஸ்வேர்ட் கூடக் கேட்பதில்லை. அதே வை-பியில் உள்ள எவரும் அந்த முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் பயன்படுத்தலாம்; வேலை முடிந்ததும் ஸ்டாப் அழுத்த மறக்க வேண்டாம். லாட்ஜ், ரயில் நிலையம், கல்லூரி வை-பியில் இதைத் திறக்கவே வேண்டாம். அங்கு யு.எஸ்.பி. கேபிள் தான் பாதுகாப்பு.

வீட்டுக்குள் உள்ள திருடன்

வழியைப் பூட்டினாலும் பாஸ்வேர்ட் நம் கம்ப்யூட்டரிலேயே திருடு போகலாம். 2009ல் பரவிய கும்ப்ளார் என்ற மால்வேர் இதைத் தான் செய்தது. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் புகுந்து, பைல்ஜில்லா போன்ற புரோகிராம்களில் சேமித்திருந்த எப்.டி.பி. பாஸ்வேர்ட்களை எடுத்தது. அக்கம்பக்கத்து நெட்வொர்க்கில் செல்லும் எப்.டி.பி. பாஸ்வேர்ட்களையும் ஒட்டுக் கேட்டது. அவற்றைக் கொண்டு அந்த வெப்சைட்களுக்குள் நுழைந்து, அங்கு வருபவர்களுக்கும் தொற்றும்படி பைல்களை மாற்றியது.

அப்போது பைல்ஜில்லா பாஸ்வேர்ட்களைப் படிக்கும் வடிவிலேயே சேமித்து வந்தது. 2017ல் வந்த பதிப்பு 3.26 முதல் மாஸ்டர் பாஸ்வேர்ட் வசதி உள்ளது. எடிட் மெனுவில் செட்டிங்ஸ் சென்று, இண்டர்பேஸ் பிரிவின் கீழ் உள்ள பாஸ்வேர்ட்ஸ் பக்கத்தில் இதை அமைக்கலாம். பல சர்வர்களின் பாஸ்வேர்ட்களைச் சேமித்து வைப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்திட வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புவோர் பாஸ்வேர்டிற்குப் பதில் கீ ஜோடி பயன்படுத்தலாம். பப்ளிக் கீயை சர்வரிடம் தருகிறோம். பிரைவேட் கீ நம்மிடமே இருக்கும். லாக் இன் செய்கையில் பிரைவேட் கீ நம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதே இல்லை. அந்தக் கீ பைலுக்கும் ஒரு பாஸ்பிரேஸ் கொடுத்து வைக்கவும். கீ பைலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ யாருக்கும் அனுப்பக் கூடாது.

எது வரை பாதுகாப்பு?

பாதுகாப்பான புரோட்டோகால் காப்பது பயணத்தை மட்டுமே. போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன ஆகிறது என்பது அதன் கையில் இல்லை. 2023 மே மாதம் மூவ்இட் டிரான்ஸ்பர் என்ற பைல் பரிமாற்ற சாப்ட்வேரின் வெப் பகுதியில் இருந்த குறையை ஒரு கும்பல் பயன்படுத்திக் கொண்டது. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட நிறுவனங்களின் டேட்டா இதனால் பாதிக்கப்பட்டது. எஸ்.எப்.டி.பி.யும் எச்.டி.டி.பி.எஸ்.சும் அந்த சாப்ட்வேரில் இருந்தன. வழியில் யாரும் திருடவில்லை. சேமித்து வைத்த இடத்தில் திருடினார்கள்.

எனவே பேங்க் ஸ்டேட்மென்ட், ஆதார் நகல், மருத்துவ அறிக்கை போன்றவற்றை அனுப்பும்போது, பைலையே முதலில் பூட்டிவிடுவது நல்லது. 7-ஜிப் என்ற இலவசப் புரோகிராமில் பைலைச் சுருக்கும்போதே பாஸ்வேர்ட் தரலாம். ஏ.இ.எஸ்.-256 முறையில் என்கிரிப்ட் ஆகும். அந்தப் பாஸ்வேர்டைப் பைலுடன் சேர்த்து அனுப்பாமல் போனில் சொல்லவும். அங்கு பைல் பயன்பட்ட பிறகு சர்வரில் இருந்து அழிக்கச் சொல்லிக் கேட்கவும். வைரஸ் உள்ள பைலும் எஸ்.எப்.டி.பி.யில் பத்திரமாகப் போய்ச் சேரும் என்பதால், இறக்கிய பைல்களை ஆன்ட்டி வைரஸ் கொண்டு சோதிப்பதையும் விட்டுவிடக் கூடாது.

இன்றே செய்ய வேண்டியது

உங்கள் வெப் ஹோஸ்டிங் நிறுவனத்தையோ, நீங்கள் பைல் அனுப்பும் லேப் அல்லது அலுவலகத்தையோ அழைத்து மூன்று கேள்விகளைக் கேட்கவும். உங்கள் சர்வரில் எஸ்.எப்.டி.பி. உள்ளதா? அதன் போர்ட் எண் என்ன? பிங்கர்பிரின்ட் என்ன? பதில் கிடைத்ததும் சைட் மேனேஜரில் புரோட்டோகாலை மாற்றி, பிங்கர்பிரின்ட்டை ஒப்பிட்டு உள்ளே செல்லவும். பின்னர் பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றிக் கொள்ளவும். இத்தனை நாள் எப்.டி.பி.யில் சென்ற பழைய பாஸ்வேர்டை வழியில் யாரெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதே பாஸ்வேர்டை மெயிலுக்கோ வேறு தளத்திற்கோ வைத்திருந்தால் அங்கும் மாற்றவும்.